கன்றுக்குட்டியிடம் சொன்னது

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனபோது நான் மூன்றாம் வகுப்பு. காரணம், தோட்டத்துப் பொதுக் கிணறு. மூன்று நாள் அவர்கள் முறை, மூன்று நாள் எங்கள் முறை. ஒருநாள் எங்கள் முறையில் அவர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஓடிவிட்டது. ஒரு மணி நேரம் ஓடியது என்றார் அப்பா. கால் மணி நேரம்கூட இல்லை என்றார் பெரியப்பா. இரண்டு பேர் கையிலும் கடிகாரம் கிடையாது. ஆனாலும் அண்ணனும் தம்பியும் அன்றோடு முகத்தில் முழிப்பதை விட்டார்கள்.

பெரியவர்கள் அடித்துக்கொண்டால் அடித்துக்கொண்டு போகட்டும். பிள்ளைகளை ஏன் இழுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அம்மா என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"அவுக வீட்டுப் பிள்ளையோட பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு. பேசுனா என் தலை வெடிச்சிரும்."

பண்ணினேன். அவுக வீட்டுப் பிள்ளை என்றால் என் பெரியப்பா மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள், அதனால் அக்கா. அதுவரை ஒரே தட்டில் தின்றவர்கள் நாங்கள்.

பள்ளிக்கூடத்திலாவது யாராவது தட்டிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். டீச்சருக்கு விஷயம் ஒரே நாளில் எட்டிவிட்டது. "உங்க வீட்டு வம்பு எனக்கு வேண்டாம்த்தா" என்று என்னைச் சன்னலோரமும் அவளைக் கதவோரமும் உட்கார வைத்தார். பொங்கலுக்குக் கும்மி பழக்கிய பெண்கள், கேட்காமலே எங்களை இரண்டு வட்டமாகப் பிரித்தார்கள். எங்களைப் பகையாளியாக வளர்ப்பதில் ஊரே அத்தனை அக்கறையாக இருந்தது.

பேச்சுதான் நின்றதே தவிர, வார்த்தை நிற்கவில்லை. அதற்குத்தான் சாடை இருக்கிறதே. பெரியம்மா தெருவில் போனால் அம்மா எருமையைப் பார்த்து, "திருட்டுத் தண்ணி குடிச்ச உடம்பு எங்குட்டு வெளங்கும்?" என்பாள். பெரியம்மா அங்கன நின்று தன் கோழியிடம் பதில் சொல்லிவிட்டுப் போவாள். ஆட்டையும் மாட்டையும் வைத்துத் திட்டினால் சத்தியத்தில் சேராது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்தே படிந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் காலையில், எங்கள் திராட்சைப் பந்தலில் மாவுப்பூச்சி விழுந்திருக்கிறது என்று அப்பா மருந்தடித்தார். "பத்து நாளைக்கு ஒரு பழம் வாயில வைக்கக் கூடாது" என்று எங்களிடம் சொன்னார். எங்களிடம் மட்டும்தான் சொன்னார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தோம். அவள் முன்னால், நான் பதினைந்து இருபது அடி பின்னால். எங்கள் பந்தல் வரப்பை ஒட்டித்தான் இருக்கும். தினமும் அங்கே கையை விட்டு நாலு பழம் பறித்து, நான் பார்க்கத் தின்றுகொண்டே போவது அவள் வீம்பு. அன்றைக்கும் கையை விட்டாள்.

வாயைத் திறந்தால் அம்மா தலை வெடிக்கும். திறக்காவிட்டால் இவள் தின்றுவிடுவாள். பத்து வயதில் இரண்டையும் நான் முழுசாக நம்பினேன். வரப்போரம் யாருடையதோ ஒரு கன்றுக்குட்டி கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏலே, அந்தப் பழத்தத் திங்காத! தின்னா செத்துப் போவ!"

அவள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பந்தலைத் தாங்கி நின்ற கல்லுக்காலைப் பார்த்துச் சொன்னாள்.

"நாலு பழத்துக்குச் சாகச் சொல்லுதுக பாரு, பஞ்சத்துல பெறந்த சனம்!"

ஒரு கொத்தையே பிடுங்கி வாய் நிறையத் திணித்துக்கொண்டாள். சாடை என்றால் வசவு, அவளுக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அதில் ஒருவரைக் காப்பாற்றவும் முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் பின்னாலேயே நடந்தேன். வாய்க்கால் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு எச்சில் துப்ப ஆரம்பித்தாள். துப்பத் துப்ப ஊறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், வாந்தி எடுத்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் வீடுதான் பக்கம். ஓடினேன். வாசலில் நின்ற பெரியம்மா என்னைக் கண்டதும் கோழிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எந்த நாயோ வாசல்ல வந்து நிக்குது" என்றாள்.

"பெரியம்மா! அக்கா வரப்புல விழுந்து கெடக்கு. மருந்தடிச்ச பழத்தத் தின்னுருச்சு!"

பெரியப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கம்பம் போகிற டவுன் பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினார். அதற்குள் நான் அப்பாவிடமும் சொல்லியிருந்தேன். மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அவரும் ஓடிவந்தார். வந்தவர் டப்பாவை அண்ணன் கையில் கொடுக்கவில்லை. கண்டக்டரிடம் நீட்டினார்.

"டாக்டர்ட்ட இதக் காட்டச் சொல்லுங்க."

பெரியப்பாவும் கண்டக்டரையே பார்த்தார். "எப்ப அடிச்ச மருந்துன்னு கேளுங்க."

கண்டக்டர் கத்திய கத்து ரோடு முழுக்கக் கேட்டது. "புள்ளைக்கு வாயில நுரை தள்ளுது, நடுவுல நான் என்ன தபால்காரனா? நேரா பேசித் தொலைங்கய்யா!"

"காலைல, ஏழு மணிக்கு" என்றார் அப்பா. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னாரா, தரையைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் ஏறினார். பஸ் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்து அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "தலை வலிக்குதாம்மா?" என்று நாலைந்து தடவை கேட்டிருப்பேன். அம்மாவுக்குப் புரிந்தபோது முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குப் பயம் போகவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தாள். பெரியவர்கள் வெளியே போனதும் என் கையைப் பிடித்தாள்.

"எங்கிட்ட நேராச் சொன்னா என்னடி?"

"பேசுனா அம்மா செத்துருவாகன்னு சத்தியம்க்கா."

பிடித்திருந்த கையை விட்டாள்.

"அப்ப நான் செத்தாப் பரவாயில்லையா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் தின்ற இடத்திலிருந்து விழுந்த இடம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தூரமும் நான் வாயைத் திறக்காமல்தான் நடந்தேன்.