தறிக்குழியில் வைத்த அம்புகள்

எங்கள் வீட்டில் நாலு சொந்தக்காரர்கள் கூடினால் போதும், யாராவது அம்மாவை வம்புக்கு இழுப்பார்கள். "அம்புக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு" என்பார் பெரியப்பா. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். பல வருடங்கள் நானும் சிரித்தேன். அந்தப் பழைய கதையில் அம்புகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டுப் பக்கத்தில் வைத்தது நான்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மைதானத்தில் ஒரு மாஸ்டர் வில்வித்தை சொல்லிக்கொடுத்தார். அவரிடம் இரவல் வாங்கிய வில்லிலும் கார்பன் அம்புகளிலும்தான் அக்கா பழகினாள். கார்பன் அம்புகளைப் போல் சமர்த்தான பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. ஆறும் ஒரே எடை, ஒரே போக்கு. வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவாள். மழைச் சாரல் அடித்தாலும் என் கால் இடறினாலும் அவை அசையாது.

அந்த வருடம் வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள், மூங்கில் வில்லுக்குத்தான் இடம் இருக்கிறது என்றார் மாஸ்டர். அதற்குக் கார்பன் கூடாது, மர அம்புதான். அக்கா மாறினாள். முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. மர அம்பு கனம், மெதுவாகப் போகும், பாதி வழியிலேயே தாழும். இலக்கைத் தவிர மைதானத்தில் எல்லா இடத்திலும் பாய்ந்தது. அக்கா அழுதாள், மாஸ்டரைத் திட்டினாள், பிறகு ஒவ்வொரு அம்பின் குணத்தையும் தனித்தனியாகப் படித்தாள். இறகு கட்டிய இடத்தில் அம்மாவிடம் மிஞ்சிய பட்டு நூலை ஆளுக்கொரு நிறமாகச் சுற்றினாள். பச்சை வலப்பக்கம் ஒதுங்கும், மஞ்சள் தாழும், சிவப்பு மட்டும் நேராகப் போகும். மைதானம் முழுக்க ஓடிப் பொறுக்கிய எனக்கும் அது மனப்பாடம்.

அப்பாவுக்கு வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் வேலை. வீட்டில் இருந்த தறி அம்மாவுடையது. கரை தனி நிறத்தில் வரும் புடவையை ஒருவராக நெய்ய முடியாது. அம்மா நெய்வாள், பள்ளி விட்டு வந்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் மர நாடாவைத் தள்ளுவாள். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நெய்வார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு அதில் பொறாமை. விடுதிக்குப் போனால் அக்கா வருடத்துக்கு இரண்டு முறைதான் வருவாள். அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

விடுதித் தேர்வுக்கு முந்தைய வாரம் பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை. மழையும் விடவில்லை. பயிற்சி கிடையாது. அக்கா அம்புகளை என் கையில் கொடுத்து, "பத்திரமா எங்கனா வைடி" என்றாள். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா தலை நிமிராமல் நாடாவுக்குள் வைக்கும் நூல் தாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தறிக்குழியாண்ட வை. பட்டு இருக்கிற எடம், அதவிடப் பத்திரம் ஏது?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் உயர்ந்த பொருள் பட்டு. நூல் காய்ந்தால் அறுந்துவிடும் என்று, நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் அந்தக் குழியைச் சுற்றி எப்போதும் ஈரமாக வைத்திருப்போம். அந்த ஈர மண்ணில் ஆறு அம்புகளையும் பிள்ளைகளைத் தூங்கவைப்பது போல வரிசையாகப் படுக்கவைத்தேன்.

மறுநாள் தேர்வு என்ற சனிக்கிழமை மதியம் அக்கா அவற்றை எடுத்தாள். தரையில் உருட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட ஒழுங்காக உருளவில்லை, எல்லாம் வளைந்து தத்தித் தத்திப் போயின.

"உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சுவரோடு சுவராக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அம்மாதான் வைக்கச் சொன்னாங்க" என்றேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். பட்டு வைக்கிற எடமாச்சேன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. தறியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தறிச் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தணலை இறக்கி, ஓர் அம்பை எடுத்து வளைந்த இடத்தை மட்டும் மேலே காட்டிச் சுழற்றினாள். சூடேறியதும் உள்ளங்கையால் அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டாள். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாள். திரும்பவும் சூடு, திரும்பவும் அழுத்தம். அவசரமே இல்லை. கை சுட்டபோது மட்டும் முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஐந்து அம்புகள் நிமிர்ந்துவிட்டன. சிவப்பு மட்டும் முழுதாக வழிக்கு வரவில்லை.

"இது கொஞ்சம் எடது பக்கம் இழுக்கும். பாத்து வுடு" என்று அக்கா கையில் கொடுத்தாள்.

மறுநாள் சிவப்பு இடது பக்கம்தான் இழுத்தது. அக்கா பார்த்துத்தான் விட்டாள். அவளை எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்க அக்காவைப் பற்றிப் பேசியது. நான் மட்டும் வகுப்பில், "எங்க அம்மாவுக்கு அம்பு நிமித்தத் தெரியும்" என்று பீற்றிக்கொண்டேன். அக்கா பஸ் ஏறிய அன்று அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நாங்கள் திரும்பியபோது தறியில் இருந்தாள். அக்காவின் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். அம்மா கரை நாடாவை என் பக்கம் தள்ளினாள்.

போன மாதம் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். தறியில் கொஞ்சம் கைகொடுத்துவிட்டு, போன் அடிக்கவும் நாடாவைக் குழி ஓரமாக ஈரத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"அறிவிருக்குதா உனக்கு? மரத்தக் கொண்டாந்து ஈரத்துல வைக்கிற! கோணிக்கும்னு தெரியாது?" என்று கத்தினாள் அம்மா. "எங்கம்மா தறியில ஒக்கார வச்ச அன்னிக்கே மொதல்ல சொல்லிக் குடுத்தது இது."

சொல்லி முடித்தவள் சட்டென்று நிறுத்தினாள். நாடாவை எடுத்து முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது, ஆனால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பத்து வயதில் அடுப்படியில் உட்கார்ந்து, வளைந்த அம்புகளை அந்தக் கை நிமிர்த்துவதை வாயைப் பிளந்து பார்த்தேன். மரத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள் என்னிடம் ஏன் அந்த ஈர இடத்தைச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.