சங்குக் காசின் படம்

அப்பாவின் காசு போலி என்று ஷார்ஜாவிலிருந்து ஒருவர் எழுதியபோது எனக்குப் பத்து வயது. அப்போது நாங்கள் குவைத்தில், அப்பாசியாவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் இருந்தோம். அப்பா வால்வு பழுதுபார்க்கும் டெக்னீஷியன், அம்மா நர்ஸ். பழைய நாணயம் சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அப்பா சேர்ந்திருந்தார். அங்கே ஒவ்வொருவரும் தன் காசைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, மற்றவர்கள் பாராட்டுவார்களா என்று காத்திருப்பார்கள்.

அப்பாவிடம் பாராட்டும்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். திருவிதாங்கூர் வெள்ளிக்காசு, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் சங்கு. அவர் போட்ட படத்தில் அது பிடுங்கிப்போட்ட கடைவாய்ப்பல் மாதிரி தெரிந்தது. ஷார்ஜாக்காரர் திருவிதாங்கூர் காசுகளில் கரைகண்டவர். குழுவில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கோடுகள் மழுங்கியிருக்கின்றன, இது உருக்கி வார்த்த போலி என்று எழுதிவிட்டார். வார இறுதிக்குள் தெளிவான படம் போடுங்கள், இல்லாவிட்டால் காசைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சேர்த்திருந்தார்.

சைட்டில் ஃபோர்மேன் தன் தவறை அப்பாவின் தலையில் கட்டினால்கூட "கலாஸ், முடிஞ்சுது, போட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர் அவர். இந்த விஷயத்தில் மட்டும் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"மொகம் தெரியாத ஆளு சொன்னதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியளே" என்றாள்.

நானும் அப்பாவும் படமெடுக்கத் தொடங்கினோம். ஃப்ளாஷ் போட்டால் காசு இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. ட்யூப்லைட்டின் கீழ் வைத்தால் கேமராவின் நிழலே காசை விழுங்கியது. ஜன்னல் வெயிலில் சங்கின் ஒரு பாதி கண்ணைக் கூசவைத்தது, மறுபாதி கறுத்துக் கிடந்தது. போதாததற்கு அப்பாவின் கை ஆடியது. முரட்டு நட்டுகளைக் கழற்றுகிற கை, அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தும்போது நடுங்கியது.

அம்மா ஒரு தீர்வு கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டில் கொலுசு வெளுப்பது பல்பொடியால்தான். நான் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய ஒரு உள்ளங்கையில் காசும் மற்றதில் பல்பொடியும் இருந்தன. பழங்காசைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். அப்பா பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"அழுக்காக் கெடந்தாத்தான் ஒரிஜினலாக்கும்? நல்ல கூத்து" என்று அம்மா பல்பொடியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை தூசிக்காற்று வந்தது. அம்மா ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டுகளைத் திணித்துத் திரையை இழுத்துவிட்டாள். எதிர்க் கட்டடம் காணாமல் போய், வானம் பால் அதிகமான டீயின் நிறத்தில் இருந்தது. இனி ஒன்றும் நடக்காது என்று அப்பா கேமராவை உறைக்குள் போட்டார். நான் திரையை விலக்கி, ஜன்னல் விளிம்புக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தேன். கைக்கு நிழலே இல்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வராமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

"அப்பா, இப்பவே எடுக்கணும்."

"சூரியனே இல்லியே, மக்ளே."

"அதனாலதான்."

ரப்பரில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, காசை அதில் நிமிர்த்தி நட்டேன். கேமராவைப் பால்மாவு டின்னின் மேல் வைத்தேன். அருகில் எடுப்பதற்கான பூப்படக் குறி, ஃப்ளாஷ் இல்லை, தானாகவே அழுத்திக்கொள்ளும் டைமர். யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

படம் மஞ்சளாகத்தான் வந்தது. கம்ப்யூட்டரில் நிறத்தை எடுத்துவிட்டதும் சங்கின் வரிகள் ஒவ்வொன்றும் மயிரிழை மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. அப்பா திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, அனுப்பச் சொன்னார்.

மாலையில் பதில் வந்தது, ஆங்கிலத்தில். நான்தான் வாசித்தேன். படம் அபாரம், காசு வார்த்ததல்ல, அச்சடித்தது, அசல். மன்னிக்க வேண்டும் சார், நீங்கள் சொன்னதுதான் சரி, நான்தான் தவறு. நான் சோபாவிலிருந்து குதித்துக் கூடத்தைச் சுற்றி ஓடினேன். ஷார்ஜாவையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. ஷார்ஜாக்காரர் பாராட்டியது என் படத்தை அல்லவா.

"இன்னொருக்கா வாசி, மக்ளே" என்றார் அப்பா. வாசித்தேன். பிறகு அம்மாவையும் சமையலறையிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து என்னை மறுபடி வாசிக்கச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்த சார்னு வருதுல்லா, அங்கேருந்து வாசி."

அப்பா தினமும் டியூட்டி முடிந்ததும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். ஆனாலும் இந்த ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தமிழில் அர்த்தமும் சேர்த்துச் சொன்னேன். அப்பா முதன்முறை கேட்பவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.