கோழியம்மா

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்தோம். நெஞ்சுச்சளி என்று ஆரம்பித்தது டி.பி.யில் கொண்டுபோய் விட்டது. இரண்டு வருஷத்துக்கும் மேலாக வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன். இனி யாருக்கும் ஒட்டாது, பயமில்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் கொல்லைப்புறத்தில் விறகு போட்டிருந்த அறையை ஒழித்து, எனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சாப்பாடு வாசல்படிக்கு வந்துவிடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் மகள்தான். நான் போகும்போது கைக்குழந்தை. இப்போது ஓடியாடிப் பேசுகிறாள், ஆனால் என்னைத் தெரியவில்லை. அவளை வளர்த்த என் நாத்தனாரை 'அம்மா' என்று கூப்பிடுவாள். என்னைத் தூரத்திலிருந்து, ஊருக்குப் புதிதாக வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகுமுன் அறை வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் தெருவெங்கும் கோழிக் கழிச்சல் நோய். எங்கள் கோழிகளில் ஒரு செவலைக்கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு நின்றது. அறுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நாத்தனாருக்கு மனசு வரவில்லை. அதை என் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மூங்கில் பஞ்சாரக் கூடையால் மூடி வைத்தாள்.

"மதினி, இதைச் செத்த பாத்துக்கிறீகளா? மத்ததுகளோட விட்டா அம்புட்டுக்கும் ஒட்டிக்கிரும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. செத்த நேரம் அழுதுவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அதன் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்து, உருட்டி வாய்க்குள் தள்ளினேன். நீர்மோரைத் துணியில் நனைத்து அலகில் பிழிந்தேன். எச்சத்தைச் சாம்பல் போட்டு அள்ளிப் புதைத்தேன். வேலை என்று ஒன்று வந்ததும் என் உடம்பிலும் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல் இருந்தது.

கோழியைப் பார்க்க மகள் வர ஆரம்பித்தாள். முதலில் துவைகல் பக்கமே நின்றுகொண்டாள்.

"செத்துப்போச்சா?" அதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இல்லடா தங்கம், மூச்சு இருக்கு."

தினமும் கொஞ்சம் கிட்டே வந்தாள். தொடக்கூடாது என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒருநாள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒங்களுக்கும் காய்ச்சலா?" என்றாள்.

"இருந்துச்சு. இப்பப் போயிருச்சு."

"அப்ப ஏன் இங்கனயே இருக்கீக?"

கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கை அப்படியே கயிற்றில் நின்றது.

கோழி பிழைத்தது. கழுத்து மட்டும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நன்றாக இரை எடுத்த பிறகும் இன்னும் கொஞ்ச நாள் தனியாகவே வைத்திருந்து, பிறகு ஒரு காலையில் மற்ற கோழிகளோடு விட்டேன். பழகின கோழிகள்தானே என்று நினைத்தேன். எல்லாம் சேர்ந்து விழுந்து கொத்தின. கொண்டையில் ரத்தம். அது ஓடிவந்து என் கால்களுக்கிடையில் ஒடுங்கிக்கொண்டது. மகள் அலறிவிட்டாள்.

நாத்தனார்தான் ஓடிவந்தாள். கோழியை மறுபடி பஞ்சாரத்தில் மூடி, இந்தத் தடவை முற்றத்து நடுவில் வைத்தாள். உள்ளேயும் சுற்றிலும் கம்புத் தானியத்தை இறைத்துவிட்டாள். மற்ற கோழிகள் வெளியே பொறுக்க, இது உள்ளே பொறுக்கியது. "கண்ணுக்குப் பழகட்டும் மதினி" என்றாள். சில நாள் அப்படியே போனது. பிறகு பஞ்சாரத்தைத் தூக்கினாள். சேவல் ஒரு கொத்து கொத்தியது. அதோடு சரி. எல்லாம் சேர்ந்து மேய ஆரம்பித்தன.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். திடீரென்று நாத்தனார் விசும்பினாள்.

"டாக்டர் சொன்னதை நான்தான் நம்பல மதினி. பிள்ளைக்கு ஒட்டிக்கிருமோன்னு பயம். படுக்கையை உள்ள எடுத்துட்டு வாங்க."

"நானா இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்" என்றேன். பொய்யில்லை. என் பிள்ளையை அவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்தவள்மேல் எனக்கு என்ன கோபம் வரும்?

மகள் உடனே என்னை 'அம்மா' என்று கூப்பிட்டுவிடவில்லை. அவளுக்குத்தான் ஏற்கெனவே ஓர் அம்மா இருந்தாளே. யோசித்து, தானாக ஒரு பேர் கண்டுபிடித்தாள். 'கோழியம்மா'. தெருவே சிரித்தது. எனக்கு அதைவிட நல்ல பேர் வாழ்நாளில் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடம் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

இப்போதும் யாராவது நோய் தீர்ந்து வீடு திரும்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.