ஜெபித்து வாங்கிய கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற எனக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சூடுபட்டவள் என்பதுதான் சம்பந்தம். நான் போனால் முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி கிடக்கும் குழிக்குள் கையை விடுவேன். மிதியடியை எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் கார்பெட்டின் ஓரத்தைப் பிய்ப்பேன். சீட்டை முன்னே தள்ளி, அதைத் தாங்கும் கம்பியில் துரு உண்டா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வெளியே வரும்வரை இழுப்பேன். விற்கிறவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். ஒருவர் முகம் கோணக்கூடாது என்று நான் ஒரு தடவை சும்மா நின்றதற்கு என் மகள் மூச்சுக்குத் தவித்தாள்.

அவளுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பு உண்டு. எங்கள் வீடு கேரள எல்லைக்குள், குன்னத்துகால் பக்கம். குழந்தைகள் டாக்டர் இருப்பது நெய்யாற்றின்கரையில். மழையானாலும் பனிக்காற்றானாலும் அவளை ஸ்கூட்டரில் பின்னால் வைத்து, துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவேன். புறப்படும்போது இருந்ததைவிட, போய்ச் சேரும்போது அதிகமாக இழுக்கும். “இனி ஸ்கூட்டரில் கொண்டுவரண்டா”, கொண்டுவரவே வேண்டாம் என்று டாக்டர் மலையாளத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் கணவரும் போனில் அதையே சொன்னார். கண்ணாடியை மூடிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வாங்க எங்களுக்கு வகையில்லை.

ஆகவே நான் படிக்கத் தொடங்கினேன். பரீட்சைக்குப் படிப்பதுபோலத்தான். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாட்டு வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் இங்கே பதிவு மாற்ற அலையவேண்டும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டும். கடன் முடிந்திருக்கிறதா, இன்சூரன்ஸில் பெரிய விபத்து எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கவேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம். சும்மா ஏமாந்தவள் இல்லை நான், படித்துவிட்டு ஏமாந்தவள்.

எனக்கு ஒரே ஒரு அக்காள். காஞ்சிரங்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தான் பூவாரில் ரிசார்ட்டுகளுக்கு வாடகைக்குக் கார் விடுகிறவர். நான் வண்டி தேடுவது தெரிந்து அக்காள்தான் முதலில் கூப்பிட்டாள்.

“அத்தானுக்க கையில ஒரு வண்டி உண்டு. ஒனக்குண்ணா விலை கொறச்சு தருவாரு” என்றாள். அவள் குரல் அன்று கொஞ்சம் சோர்ந்திருந்தது. தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அத்தான் போனை வாங்கினார். “ஞாயிற்றுக்கிழமை ஒங்க சர்ச்சுக்கு கொண்டு வாறேன். நல்லா பாரு, ஓட்டிப் பாரு, பிடிச்சா எடுத்துக்கோ. நம்ம குடும்ப வண்டியாக்கும்.”

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி வாங்கினாலும் அதை ஆலய வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் வண்டி ரோட்டில் இறங்கும். ஜெபம் முடிந்தால் வண்டி கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஞாயிறு நான் பையில் டார்ச்சும், தரையில் முட்டிபோட ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டுதான் ஆராதனைக்குப் போனேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வெள்ளைக் கார் பளபளவென்று வாசலில் நிற்கிறது. முன்னால் சிவப்பு ரிப்பன். பக்கத்தில் கேக் பெட்டியோடு அக்காள். போதகர் அங்கியோடு பானெட்டுக்கு முன்னால் தயாராக நிற்கிறார். பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி பாக்கியில்லை, எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள்.

“வாங்க டீச்சர், ஜெபிக்கலாம்” என்றார் போதகர். அவர்மேல் குற்றமில்லை. நான் வாங்கியாயிற்று என்றுதான் அத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

இன்னும் பார்க்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்தார். சகோதரிகளின் அன்புக்காக நன்றி சொன்னார். இந்த வாகனத்தில் ஏறுகிற பிள்ளைக்குச் சுகம் கேட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆமென் சொன்ன கையோடு குனிந்து கார்பெட்டைப் பிய்த்தால், அத்தானை நம்பவில்லை, போதகரை நம்பவில்லை, போகிறபோக்கில் ஆண்டவரையும் நம்பவில்லை என்றுதான் ஊர் பேசும். டார்ச் பையிலேயே கிடந்தது.

“இனி நீ என்னத்த பாக்கணும், கர்த்தரே பாத்தாச்சு, கேட்டியா” என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினேன். சாவியை வாங்கிக்கொண்டேன். கேக்கும் தின்றேன்.

ஏசி வாயில் எலுமிச்சை வாசனை சென்ட் ஒன்று மாட்டியிருந்தது. அது தீர்ந்ததும் காரின் சொந்த வாசனை எழுந்தது. நனைந்த சாக்கை மடித்து வைத்ததுபோல ஒரு நாற்றம். “அம்மா, கார்ல கெணத்து மணம் அடிக்குது” என்றாள் மகள். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆனால் ஸ்கூட்டரில் போனபோது டாக்டரிடம் போய்ச் சேரும்போது கூடிய இழுப்பு, இப்போது பாதி வழியிலேயே கூடியது. வீட்டில் தூசி என்று நினைத்து மெத்தையை மாற்றினேன். அவள் வளர்த்த பூனையைக்கூடப் பாறசாலையில் ஒரு சிநேகிதி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பாவம், பூனை என்ன செய்தது?

ஒருநாள் நெய்யாற்றின்கரை போகிற வழியில் அவளுக்கு நெஞ்சு குழிந்து குழிந்து இழுத்தது. அவசரத்தில் இன்ஹேலர் கைதவறி சீட்டுக்கடியில் போயிற்று. வண்டியை ஓரம்கட்டிக் கையை விட்டுத் துழாவினேன். இன்ஹேலரோடு ஈர மணலும் கையில் வந்தது. பிள்ளைக்கு மருந்தைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆவி பிடிக்கவைத்து அவள் தூங்கிய பிறகு, வெளியே வந்து நான் அந்தக் கார்பெட்டைப் பிய்த்தேன். அடியிலிருந்த பஞ்சு முழுக்கக் கறுப்புப் பூசணம். சீட்டுக் கம்பி பொருக்குப் பொருக்காகத் துரு. பெல்ட்டை முழுக்க இழுத்தால், உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் சேற்றுக்கறை கோடு போட்டிருந்தது. சீட் உயரத்துக்குத் தண்ணீரில் கிடந்த வண்டி. என் பிள்ளையை அதற்குள் வைத்து, காற்று படக்கூடாது என்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கொண்டுபோயிருக்கிறேன்.

அத்தானைக் கூப்பிட்டேன். “கடப்புறத்துல ஓடின வண்டியில மணல் காணத்தான் செய்யும்” என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “ஜெபிச்சு எடுத்த வண்டிய திருப்பித் தாறதா? சபையில என்ன சொல்லுவாங்க?” என்று என்னிடமே கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆச்சரியம் வரவில்லை. வியாபாரி.

மறுநாள் பிள்ளை வீடு திரும்பியதும் சீட்டையும் கார்பெட்டையும் பிரித்து முற்றத்தில் வெயிலுக்குப் போட்டிருந்தேன். பூவாரிலிருந்து எங்கள் வீடுகளுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா சருவத்தை இறக்கிவைத்துவிட்டுக் காரையே பார்த்தார்.

“இது ஒங்க அக்காளுக்க மாப்பிளைக்க வண்டியில்லியா மக்கா? பொழி அடஞ்சு கெடந்தப்ப ஆத்து வெள்ளம் கேறி முங்கிக் கெடந்ததாக்கும். எங்க பையம்மாரு கயிறு கெட்டித்தான் இழுத்தாங்க.” ஆறு கடலில் சேரும் வாயை மணல் மூடிவிட்டால் அங்கே தண்ணீர் ஊருக்குள் ஏறும், அதைத்தான் சொன்னார். பிறகு மீனை எடுத்து வைத்துக்கொண்டே, “ஒங்க அக்காளும் கரையில நிண்ணாங்க. ஒரே கரச்சல்” என்றார்.

அன்று நான் மீன் வாங்கவில்லை. அக்காள் அழுதாள் என்றால் அக்காள் பார்த்திருக்கிறாள். என் பிரசவத்துக்கு வந்து கூட இருந்தவள். மகளுக்கு முதல்முதலாக இழுப்பு வந்தபோது ராத்திரி முழுக்க மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நெஞ்சைத் தடவியவள். ஈரம் பட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த அளவு தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் இல்லை.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் காஞ்சிரங்குளம் போனேன். அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குத் தெரியும் இல்லியா?” என்றேன்.

எது என்று கேட்டிருந்தால்கூட என் மனது கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீ எல்லாம் பாத்துத்தான வாங்குவ. கார்பெட்ட பொக்கி அடியில பாப்பண்ணு நெனச்சேன். போதகர் ஜெபிச்சப்ப நான் அதத்தான் ஜெபிச்சேன். இவ எப்படியாவது பாத்துரணும் ஆண்டவரேண்ணு.”

“ஆண்டவர்கிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லப்பிடாதா?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “சொன்னா நீ வாங்குவியா?”

அப்படியானால் வண்டி விற்றுப்போகவேண்டும் என்று அவளும்தான் நினைத்திருக்கிறாள். அத்தானுக்குப் பயந்து என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அவள் மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து, “பிள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் சொல்லாமல் நான் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை.