பம்பு மேடமும் நான் விட்ட ஒரு வரியும்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு ஃபுட் வால்வு வைத்திருக்கிறேன். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி நுனியில் மாட்டுவார்களே, ஊற்றிய தண்ணீரைத் திரும்பக் கீழே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சாமான், அதுதான். கைக்கு அடங்குகிற அளவு, ஆனால் நல்ல கனம். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இங்கிலீஷ் வாத்தியார் மேசையில இதுக்கென்னங்க வேலை?" என்று கேட்பார்கள். யாரோ கொடுத்தது என்று சொல்லிவைப்பேன். கொடுத்தவரை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது என்பதை எப்படிச் சொல்வது? ஓய்வு பெற்று, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டுக்கொள்கிற வயதில் இன்னொருவர் மேல் பொறாமை என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆங்கில விரிவுரையாளர். எம்.ஏ., எம்.ஃபில். என் உச்சரிப்பைப் பற்றி எனக்கு மிகுந்த கர்வம் உண்டு. வகுப்பில் கவிதை சொன்னால் எனக்கே கண் கலங்கும். எதிரே அறுபது பேர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் தமிழ் வழியில் படித்து வந்த தோட்டத்துப் பிள்ளைகள். மோட்டாரைக் கழற்றிப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார்கள். கம்பெனிக்காரர்கள் நேர்காணலுக்கு வந்து, "நீ செய்த புராஜக்ட்டைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஒரு புதுப் பாடம் கொண்டுவந்தார்கள். வேலை செய்கிற இடத்தில் கடிதம், அறிக்கை, செய்முறைக் குறிப்பு எழுதவும் நாலு பேர் முன்னால் பேசவும் பழக்குகிற பாடம். முதல்வர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "அதெல்லாம் குமாஸ்தா வேலைங்க சார்" என்றேன். என் வாயால் நானே சொன்னது, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. முதல்வரும் ஒரு குமாஸ்தாவையே கூட்டி வந்துவிட்டார்.

கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணி அவர். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்திருந்தார். கிணத்துக்கடவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு வருடத்துக்குத் தற்காலிக வேலை. முதல் நாள் ஆசிரியர் அறையில் என் எதிரே வந்து நின்று, "சார், நானு இலக்கியமெல்லாம் அவ்வளவாப் படிச்சதில்லீங்க. தப்புன்னா சொல்லிப்போடுங்க" என்றார். அவர் பேசிய ஆங்கிலத்திலும் கிணத்துக்கடவு அப்படியே இருந்தது. "அதுக்கென்னங்க, சொல்றேன்" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. இரண்டு மாதம் தாங்குவார் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாவது மாதத்தில் பிள்ளைகள் அவருக்குப் பம்பு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிப் பெயர் இல்லை அது. அவர் வகுப்பு நடக்கும்போது தாழ்வாரம் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும், நடுநடுவே ஆங்கிலமும் கேட்கும். தப்பும் தவறுமான ஆங்கிலம்தான், ஆனால் பேசுகிறார்களே! என் வகுப்பில் ஒரு வருடம் வாயே திறக்காத பயல்களெல்லாம் அங்கே கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள். அந்த வகுப்பைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாய் இருந்தது. அந்த வருடம் எனக்கு எடுத்த தாகம் வேறு எந்த வருடமும் எடுத்ததில்லை.

அவர் முறை இதுதான். ஒரு மாணவர் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இன்னொருவர் அதைப் படித்து, எழுதியதை மட்டும் செய்ய வேண்டும். எழுதாத எதையும், அது எவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்தாலும், செய்யக்கூடாது. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பம்பும் இரண்டு டிரம்மும் வைத்திருந்தார். மதிப்பெண் போடுவது அவர் இல்லை. "தண்ணி வந்தாப் பாஸு, வராட்டிப் பெயிலுங்க" என்பார்.

இது எங்கிருந்து பிடித்தது என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன், ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல. கம்பெனி வேலையின்போது வெளிநாட்டிலிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்ததாம். புதுப் பம்பு, போட்ட அன்றே கருகிவிட்டது. கையேட்டில் எல்லாம் சரியாக இருந்தது, பம்புக்குள் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர. நம் ஊரில் அரை டவுசர் போடுகிற வயதிலேயே எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்ததால் ஒருவரும் எழுதவில்லை. "எழுதுனதெல்லாம் சரிதானுங்க சார். எழுதாம உட்டதுதான் தப்பு. நமக்குத் தெரிஞ்சது ஊருக்கெல்லாம் தெரியும்னு நெனைச்சுப்போட்டோம்" என்றார். எம்.ஃபில். வரைக்கும் படித்த எனக்கு ஆங்கிலத்தைப் பற்றி இப்படியொரு விஷயத்தை யாரும் சொன்னதில்லை. அது பிடித்துப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நானும் செய்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு குடையைக் கொண்டுபோய், இதை விரிப்பது எப்படி என்று எழுதுங்கள் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் பேசவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், பம்பு மேடம் மாதிரிப் பண்றீங்களா?" என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். குடையை மடித்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அன்று வீட்டில் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, இன்னிக்கு மட்டும் அந்த மேடத்தப் பத்தி நாலு வாட்டி பேசிப்போட்டீங்க" என்றாள். குறைதானே சொன்னேன் என்றேன். "நாலு வாட்டியும் கொறதானுங்க. அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

மார்ச் மாதம் முதல்வர் கூப்பிட்டார். பம்பு மேடத்தை நிரந்தரமாக்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது, நீங்கள் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதிக் கொடுங்கள், அதை வைத்துத்தான் முடிவு என்றார். பம்பு மேடத்துக்கும் அது தெரிந்திருந்தது. "மறுபடி டைப் அடிக்கப் போக மனசில்லீங்க சார். இந்தப் புள்ளைங்க பேசறதக் கேட்டுப் பழகிப்போச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். சிபாரிசாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த வகுப்பு இன்னும் கண் முன்னால் நிற்கிறது. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் ஒரு பொள்ளாச்சிப் பையனின் தாள். தென்னந்தோப்புக்காரன், பம்போடு பிறந்தவன். அழகான ஆங்கிலம், என் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவன். அவன் எழுதியபடியே செய்தார்கள். பம்பு வறண்டு கத்தியது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மேடம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், அவனும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்து வால்பாறையிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். அம்மா அப்பா இருவரும் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள். என் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். அவளை நான் எப்போதோ கைகழுவியிருந்தேன். அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்க, நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் படித்தாள். முதல் வரியே, சுவிட்சைத் தொடுவதற்கு முன் பம்புக்குள் தண்ணீர் ஊற்று என்பது. எவ்வளவு ஊற்றுவது, எது வரை ஊற்றுவது, மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்துப் பையன்கள் அவள் சொன்னதைச் செய்தார்கள். குபுக்கென்று தண்ணீர் வந்தது. குழாய் துள்ளி என் பேண்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது.

உனக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்று நான் அவளைக் கேட்டேன். "எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்கு மலைத் தண்ணி தானா வரும் சார். இங்க வந்துதான் பம்பையே பார்த்தேன். ஒண்ணுமே தெரியாததால எல்லாத்தையும் கேட்டு எழுதினேன்" என்றாள். அதைத் தமிழில் சொல்லிவிட்டு, பம்பு மேடம் பார்த்த பார்வையில், மறுபடி ஆங்கிலத்தில் சொன்னாள். என்னிடம். என் முகத்தைப் பார்த்து.

நல்ல மனுஷனாக இருந்தால் அங்கேயே எழுந்து கைதட்டியிருப்பேன். நான் பேண்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். பதினொரு வருடம் தொண்டை வறளக் கத்தியும் என்னால் முடியாததை, டைப் அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு டிரம் தண்ணீரை வைத்துச் செய்துவிட்டாளே என்று நெஞ்சு பொருமியது. ஆம், மனசுக்குள் ஒருமையில்தான் திட்டினேன்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். ஒரு பொய் இல்லை அதில். அஞ்சல் வழிப் பட்டம் என்று எழுதினேன், உண்மை. உச்சரிப்பில் குறைகள் உண்டு என்று எழுதினேன், உண்மை. வகுப்பு பாடத்திட்ட ஒழுங்கில் நடப்பதில்லை, சிரிப்பும் சத்தமும் அதிகம், முதல் முயற்சியில் இயந்திரம் பழுதாகும் அபாயம் இருந்தது. எல்லாம் உண்மை. தண்ணீர் வந்ததை மட்டும் எழுதவில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரியுமே, கல்லூரி முழுக்கப் பேச்சாயிற்றே, முதல்வருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உறையில் போட்டு முதல்வர் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே தட்டச்சு செய்கிறவர் கல்யாண லீவில் போயிருந்தார். அவர் இல்லாதபோதெல்லாம் எங்கள் கேள்வித்தாள்களைப் பம்பு மேடம்தான் அடித்துத் தருவார். நானே எத்தனையோ முறை கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் உறையை அவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மறுநாள் முதல் பாட வேளையில் அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். ஒரு கையில் என் கையெழுத்துப் பிரதி, இன்னொரு கையில் அடித்த தாள். ஓர் எழுத்துப் பிசகில்லாமல் அடித்திருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒருக்காப் படிச்சுப் பாத்துக்கங்க சார். எல்லாம் வந்துருச்சுங்களா? ஏதாச்சும் உட்டுப்போச்சுங்களா?"

பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரல். பேனா என் கையில்தான் இருந்தது. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? "எல்லாம் வந்துருச்சுங்க" என்றேன். "சரிங்க சார்" என்றார். கையெழுத்துப் போட்டேன். அவரே அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

ஜூனில் அவருக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. கடைசி நாளில் ஒரு துணிப்பையிலிருந்து இந்த ஃபுட் வால்வை எடுத்து என் மேசையில் வைத்தார். "அடுத்த வருசம் நீங்கதான இந்தக் கிளாசு எடுக்கறீங்க. பழசு தேஞ்சுபோச்சுங்க, புதுசு வாங்கிவெச்சேன். வாரேனுங்க சார்." அவ்வளவுதான். விடைத்தாள் மேல் கிரீஸ் கறை ஒட்டியது. துடைத்தும் போகவில்லை.

நான்தான் எடுத்தேன், பிறகு ஓய்வு பெறும் வரை. அவருடைய முறை, அவருடைய பம்பு, அவருடைய தண்ணி வந்தாப் பாஸு. நல்ல பெயர் கிடைத்தது. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். உங்கள் முறை பிரமாதம் என்பார்கள். நான் மறுத்ததில்லை. பழைய வால்வை எடுத்துவிட்டு அவர் கொடுத்ததை மாட்ட மட்டும் கை வரவில்லை, கடையில் வேறு வாங்கினேன். ஆனால் ஒன்று. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட எனக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை.

வால்பாறைப் பெண்ணை ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பெரிய வேலையில் இருக்கிறாள். மேடம் கணபதியிலேயே ஓர் அறை எடுத்து, பம்பு, மோட்டார், கிரைண்டர் கம்பெனிகளுக்கெல்லாம் கையேடு எழுதித் தருகிறார் என்றாள். தீபாவளிக்குத் தீபாவளி அவரைப் போய்ப் பார்ப்பாளாம். என்னை விசாரித்தாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டுப் பம்பு நின்றுவிட்டது. புதிது வாங்கி மாட்டிவிட்டுப்போன ஆள், ஓட்டிக் காட்டுவதற்குள் வேறு வேலைக்கு ஓடிவிட்டார். பெட்டிக்குள் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு துண்டுக் கையேடு இருந்தது. என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் படிக்கறேன், நீங்க செய்யுங்க. படிச்சதை மட்டும் செய்யுங்க, உங்க மேதாவித்தனமெல்லாம் வேண்டாம்" என்றாள். முதல் வரி: சுவிட்சைத் தொடுவதற்கு முன் பம்புக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்கச் செய்தேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை குறைவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த எனக்கு இப்படி ஒரு பக்கம் எழுத வராது. மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "இன்னும் ஒரு வரி இருக்குதுங்க" என்று என் மனைவி கடைசியில் இருந்ததையும் படித்தாள். இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் எங்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.

கையேட்டில் யார் பெயரும் இல்லை. கீழே கம்பெனி முகவரி மட்டும், கணபதி. அதை மேசைக்கு எடுத்துவந்து, பறக்காமல் இருக்க ஃபுட் வால்வை அதன் மேல் வைத்தேன். பேனாவை எடுத்தேன். நாலு நாளாகத் தபால் அட்டைகளில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பெரிய பெரிய வாக்கியமாக வருகிறது. மன்னிப்பு என்கிறேன், காலம் என்கிறேன், என் இலக்கியப் புத்தி எங்கே போகும்? அவராக இருந்தால் எப்படி எழுதுவார் என்று யோசித்தபோது இன்று காலையில் சரியாக வந்தது. அந்த முகவரிக்கே, கையேடு எழுதியவருக்கு என்று போட்டுத் தபாலில் சேர்க்கும் முன் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

அறிக்கையில் ஒரு வரி விட்டுப்போயிற்று. அன்று தண்ணீர் வந்தது. நான் பார்த்தேன்.