மூன்று படங்களிலும் இருந்த கோடு

ஒதீல் பெர்த்தே ஆய்வகத்திற்கு வருமுன் பதினொரு ஆண்டுகள் கைக்கடிகாரங்களுக்குள் பொருத்தும் சிறு கற்களைச் சோதித்தவர். ஜுரா மலைச்சரிவில் இருந்த அந்தப் பட்டறையில், உருப்பெருக்கியின் கீழ் மெல்லிய கீறல் தெரிந்தாலும் கல்லைக் கழித்துவிட வேண்டும். பட்டறை மூடப்பட்டதும், 1971-இல், ஜெனீவாவை ஒட்டிய துகள் ஆய்வகத்தில் படம் பார்க்கும் பணியில் சேர்ந்தார். இங்கே கோடு தென்பட்டால் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரவம் நிறைந்த பெரிய தொட்டிக்குள் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைப் பாய்ச்சுவார்கள். மின்சுமையுள்ள துகள் எதுவும் அத்திரவத்தில் ஓடினால், குமிழிகளாலான தடம் விழும். மூன்று புகைப்படக் கருவிகள் மூன்று கோணங்களில் அதைப் படமெடுக்கும். மெய்யான தடம் மூன்றிலும் இருக்கும். படச்சுருளில் விழுந்த கீறலோ ஒன்றில் மட்டுமே இருக்கும். ஒதீல் முன்பே இருமுறை கீறலைத் தடமென்று குறித்துவிட்டார். மூன்றாம் முறையும் நேர்ந்தால் பெட்டி அடுக்கும் அறைதான் என்று மேற்பார்வையாளர் மதாம் ஷப்பூய் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு சுருளையும் இருவர் தனித்தனியே பார்ப்பர். தாள்களை ஒப்பிடும்வரை அச்சுருளைப்பற்றி ஒரு சொல்லும் பேசலாகாது. ஒதீலுக்கு இணையாகப் பார்த்தவர் அவருடைய நாத்தனார் ஜினெத். இருவரும் ஒரே காரில் வருவர்; ஒரே ரொட்டியைப் பங்கிட்டு உண்பர்; ஜினெத் வளர்க்கும் முயல்களைப்பற்றி மணிக்கணக்காகப் பேசுவர். சுருளைப்பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பதாம் சுருளின் தாள்கள் ஒப்பிடப்பட்டன. ஒதீல் குறித்த ஒரு கோடு ஜினெத்தின் தாளில் இல்லை.

"மறுபடியும் கீறலா, அண்ணி?" என்றார் ஜினெத். "பெட்டி அறையில நல்ல வெளிச்சமாம். கண்ணுக்கு நல்லது."

"அப்போ நீயே போயேன். உன் கண்ணுக்குத்தான் வெளிச்சம் பத்தல போலிருக்கு."

வழக்கப்படி மூன்றாமவர் பார்க்க வேண்டும். யார் குறித்தது என்று சொல்லாமல், பட எண்ணை மட்டும் இயற்பியலாளர் டாக்டர் லம்பேரிடம் கொடுத்தனர். அன்று ஒதீல் தம் பங்கு ரொட்டியைத் தொடவில்லை. இரண்டு மணியளவில் டாக்டர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மூணு படத்துலயும் இருக்கு. ஒண்ணுல, அளவெடுக்கறதுக்காகப் படத்துல விழற குறிக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாரு குறிச்சது?"

ஒதீல் கையை உயர்த்தினார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையே, மதாம். வந்து மோதின தடம் இல்லை, சிதறின தடம் இல்லை. ஏன் குறிச்சீங்க?"

"நான் கோட்டை அது முடியற வாலிலேர்ந்து தொடங்கின இடம்வரைக்கும் பின்னோக்கிப் பார்ப்பேன். இது எங்கேர்ந்தும் கிளம்பல. அதான் உறுத்துச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"இது ஒரு எலக்ட்ரான். நியூட்ரினோ வந்திருக்கு, அதுக்கு மின்சுமை இல்லை, தடம் விழாது. எலக்ட்ரானைத் தள்ளிட்டு நியூட்ரினோவாவே போயிருக்கு. தள்ளணும்னா நடுவுல ஒரு துகள் அந்த விசையைச் சுமந்துட்டுப் போய்க் கொடுக்கணும். அப்படி மின்சுமை இல்லாத ஒண்ணு உண்டுன்னு காகிதத்துல கணக்கு இருக்கு."

"அப்போ இந்தக் கோடு அதுவா?"

"இல்லை. இது அடி வாங்கினது."

"அடியைக் கொண்டுவந்ததைப் பார்க்க முடியாதா?"

"இந்தத் தொட்டியில முடியாது. அது பிறந்த இடத்துலயே தீர்ந்துடும்."

"வந்ததும் தெரியல, போனதும் தெரியல, கொண்டுவந்ததும் தெரியல," என்றார் ஒதீல். "பிறகு எப்படி நம்புவீங்க?"

"ஒரு படத்தை வெச்சு நம்பமாட்டோம். இதே மாதிரி இன்னும் சிலது வேணும். நீங்க வாலிலேர்ந்தே பாருங்க."

மதாம் ஷப்பூய், பிழைக்கு ஒன்றாக ஒதீலின் பெயருக்கு நேரே பென்சிலால் இட்டிருந்த புள்ளிகளில் மூன்றாவதை அழித்தார். ஜினெத்தின் பெயருக்கு நேராக 'விடுபட்டது: ஒன்று' என்று எழுதினார்.

மாலையில் கார் எல்லைச் சாவடியைத் தாண்டியபின் ஜினெத் வாய்திறந்தார்.

"நானும் அதைப் பார்த்தேன், அண்ணி. முன்னாடி ஒண்ணுமே இல்லையேன்னு விட்டுட்டேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, அப்போ."

"நாற்பத்தொண்ணுலயும் அப்படி ஏதாவது..." என்று தொடங்கிய ஜினெத் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அச்சுருளை இருவரும் அன்று பிற்பகலே தொடங்கியிருந்தனர்.

"சாம்பல் முயல் குட்டி போட்டுச்சா?" என்றார் ஒதீல்.