ஐந்து மகள்கள், ஐந்து மரணங்கள்

போன ஞாயிறு காலை, மாத்தளை நகரின் ஒரு மாடி அறையில், கால் மணி நேரத்துக்குள் ஐந்து தந்தையர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

விளக்கிவிடுகிறேன்.

அது ஜப்பானிய மொழி வகுப்பு. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஜப்பான் போக விரும்பும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஓய்வுபெற்ற மூளைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று மூன்று மாதமாக நானும் போகிறேன்.

எங்கள் கையில் முதலில் கிடைத்த ஆயுதம் 'வா'. 'ஹ' என்று எழுதி 'வா' என்று வாசிக்க வேண்டிய இடைச்சொல். ஆளைச் சொல்லுங்கள், ஒரு 'வா' போடுங்கள், அவரைப் பற்றிய செய்தியைச் சொல்லுங்கள். வாக்கியம் தயார். அந்தச் செய்தி உண்மையா? அதை இலக்கணம் கேட்பதில்லை.

அன்று ஒத்திகை இன்டர்வியூ. பெற்றோரும் வந்திருந்தார்கள். முதல் பெண் எழுந்து ஜப்பானிய மொழியில் சொன்னாள்: "அப்பா இறந்துவிட்டார். குடும்பத்தை நான்தான் பார்க்க வேண்டும்." மனம் கனத்தது.

இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னாள். அவளுடைய அப்பா முன்வரிசையில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்...

மூன்று, நான்கு — ஒரு சொல் மாறவில்லை. ஐந்தாவது ரிஸ்னா. தம்புள்ளைக்குச் சொந்த லொறியில் மரக்கறி கொண்டுபோய் விற்கும் நௌஷாட் நானாவின் மகள். பக்கத்தில் கைதட்டியவர் அவர்தான்.

"சேர், மகள் என்னத்த சொன்னா? நல்லாச் சொன்னாளா?"

முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். எந்தச் செய்தியையும் சொல்ல இப்படித் தயங்கியதில்லை. மழுப்பினேன். அவர் விடவில்லை. சொல்லிவிட்டேன்.

"நான் மௌத்தா?" என்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் ரிஸ்னா வந்துவிட்டாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "போன பெட்ச்ல பாஸான அக்கா இன்டர்வியூவுக்கு எழுதின பேப்பர் வாப்பா. அவங்கட வாப்பா மெய்யாவே மௌத்து. அத போட்டோகொப்பி எடுத்து எல்லாரும் பாடமாக்கினோம். ஒரு வரிய மாத்தினாலும் ஃபெயிலாகிடும்னு சொன்னாங்க..."

இங்கே பாஸானவரின் பேப்பர் என்றால் அது வேதம். யாருடைய துக்கம் அதில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நானா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சேர், அப்பிடிச் சொன்னா வேல நிச்சயமாக் கெடைக்குமா?"

நான் ரிஸ்னாவைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்:

"கெடைக்கும்னா சொல்லட்டும் சேர். நான் மௌத்தாவே இருந்துட்டுப் போறேன்."

"வாயக் கழுவுங்க வாப்பா!" ரிஸ்னா வெடித்து அழுதாள். அங்கேயே பேனாவை எடுத்தாள். கையிலிருந்த போட்டோகொப்பியில் அந்த வரியை அடித்தாள். மேலே எழுதினாள்: அப்பா நலமாக இருக்கிறார். மரக்கறி வியாபாரி.

புதன்கிழமை உண்மையான இன்டர்வியூவிலும் அதையே சொல்லியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. பாஸானால் அடுத்த பெட்ச் முழுவதும் மரக்கறி வியாபாரிகளின் மகள்களாகிவிடும். அது பரவாயில்லை.

மற்ற நாலு பேரும் பேப்பரை மாற்றவில்லை. அந்த நாலு தந்தையரும் புதன்கிழமை இன்னொரு தடவை இறந்தார்கள்.